ஜேசிபி, ஹிட்டாச்சி ஆபரேட்டர் வேலை: பணம் கட்டிப் பயிற்சியில் சேர்வதா, ஹெல்பராகப் போவதா?

உசிலைப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வயது 21. பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் பாலிடெக்னிக்கில் ஒரு வருடம் படித்தேன். வீட்டு நிலைமையால் தொடர முடியவில்லை.

போன கோடையில் எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர் வாரினார்கள். பத்து நாளும் கரையில் உட்கார்ந்து ஹிட்டாச்சி வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள் அந்த அண்ணன் பக்கெட்டின் முதுகை வைத்துக் கரைச் சரிவை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். திண்ணை மெழுகின மாதிரி இருந்தது. அன்றைக்கே இதுதான் நம் வேலை என்று மனதில் விழுந்துவிட்டது.

மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். 45 நாள், 60 ஆயிரம் ரூபாய், முடித்ததும் சான்றிதழ், வளைகுடாவில் வேலை உறுதி என்கிறார்கள். தோட்டை அடகு வைத்துத் தருகிறேன் என்று அம்மா சொல்கிறார். அப்பாவுக்கு இதில் விருப்பமே இல்லை. மெஷின்காரனுக்கு வீடும் கிடையாது, நேரமும் கிடையாது என்கிறார். இந்த வேலையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மேலூர் ஆபரேட்டர்

தம்பி, முதலில் அம்மாவின் தோட்டைக் காதிலேயே போட்டுக்கொள்ளச் சொல். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் 2003-இல் கீழவளவு பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் கிளீனராகச் சேர்ந்தேன். 2012-இல் குவாரிகள் மூடப்பட்டபோது எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வேலை போனது, எனக்கும்தான். அப்புறம் ரோடு வேலை, கண்மாய், வீட்டு அஸ்திவாரம், பாதாளச் சாக்கடைப் பள்ளம் என்று எல்லாவற்றிலும் மெஷின் ஓட்டியிருக்கிறேன். 2017-இல் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கச் சொல்லி மதுரை ஐகோர்ட் கிளை உத்தரவு போட்டபோது மூன்று மாதம் முள்ளுக்குள்ளேயே கிடந்தோம். அந்த முள் ஜேசிபி டயரையே பதம் பார்த்தது.

நீ கேட்டதற்கு என் பதில்: ஹெல்பராகப் போ. காரணத்தையும் சொல்கிறேன்.

லீவரைப் பிடித்து ஆட்டக் கற்றுக்கொள்ள 45 நாள் கூட வேண்டாம், பத்து நாள் போதும். வீடியோ கேம் விளையாடுகிற பிள்ளைகள் அதை இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பக்கெட் எதற்குள் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள வருடக்கணக்கில் ஆகும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஒரு மழை பெய்தால் மெஷினையே விழுங்கும். எங்கள் மேலூர் பக்கம் செம்மண். வெட்டினால் சுவர் மாதிரி நேராக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகை நம்பாதே. அது சொல்லாமல் கொள்ளாமல் ஒரே பலகையாகச் சரியும். கரிசல் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பி இறங்கும். நான்கு அடிக்குக் கீழே சுக்காம்பாறை வந்தால் பக்கெட் பல்லை வைத்து முட்டிக்கொண்டிருக்கக் கூடாது, பாறையை உடைக்கும் பிரேக்கரை மாட்ட வேண்டும். இதையெல்லாம் பயிற்சி நிலையத்துக் காலி மனையில் கற்றுக்கொள்ள முடியாது. அங்கே ஒரே மண்ணைத்தான் தோண்டி மூடி, மறுபடியும் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் கிளீனராக இருந்தபோது பதினான்கு மாதம் லீவரைத் தொடவே விடவில்லை. காலையில் ஏர் ஃபில்டரைத் தட்டுவது, ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது, மூட்டுகளில் உள்ள ஒவ்வொரு பின்னுக்கும் கிரீஸ் அடிப்பது, டீசல் கேன் சுமப்பது, இவைதான் வேலை. எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என்னை மெஷினுக்குப் பின்னால், அதன் சுற்றுக்கு வெளியே திரும்பி நிற்க வைப்பார். அவர் வேலை செய்வார். நான் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, பக்கெட் மண்ணில் இருக்கிறதா, கல்லில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். மண்ணில் போகும்போது இன்ஜின் கொஞ்சம் அமுங்கி, திரும்ப எழும். கல்லில் முட்டி நின்றுவிட்டால் எண்ணெய் அழுத்தத்தில் மெஷினை இயக்கும் ஹைட்ராலிக்கில் இருந்து மெல்லிசாக ஒரு சீறல் வரும். அந்தச் சீறல் வந்தும் லீவரை விடாமல் பிடிப்பவன் முதலாளியின் பம்பைத் தின்றுகொண்டிருக்கிறான் என்பார். இன்றைக்கும் என் கண் பள்ளத்தில் இருந்தாலும் காது அந்தச் சீறலுக்காகக் காத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறேழு வருடத்துக்கு முன்பு நகரை ஒட்டிய ஒரு புறநகரில் சாக்கடைக் குழாய்ப் பள்ளம் வெட்டினேன். ஒன்பது அடி ஆழம், செம்மண், இரண்டு பக்கமும் வீடு, சரிவு கொடுக்க இடமில்லை. முட்டுக் கொடுக்கப் பலகை கேட்டேன். கான்ட்ராக்டர் நாளைக்கு வரும் என்றார். குழாய் சேர்க்க இரண்டு பேர் உள்ளே இறங்கியிருந்தார்கள். நான் பூமை, அதாவது மெஷினின் பெரிய கையை, தூக்கி நிறுத்திவிட்டு வேர்வையைத் துடைக்கத் திரும்பினேன். பள்ளத்தின் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையில் ஒரு கோடு தெரிந்தது. நூல் கனம்தான் இருக்கும். பள்ளத்துக்கு இணையாகப் பத்தடி நீளத்துக்கு ஓடியிருந்தது. காலையில் அது அங்கே இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டுக் கத்தினேன். அவர்கள் மேலே வந்தார்கள். மெஷின் நிற்கிற நேரத்துக்கு வாடகை யார் கொடுப்பது என்று கான்ட்ராக்டர் சண்டைக்கு வந்தார். சண்டை முடிவதற்குள் அந்தப் பக்கம் அப்படியே உள்ளே விழுந்தது, குழாயே தெரியவில்லை. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அதற்கு அடியில் மாட்டிய ஆளுக்கு மூச்சு விட நெஞ்சு விரியாது.

தம்பி, இந்த வேலையில் உனக்குக் கீழே, பக்கெட்டின் நீளத்துக்குள், எப்போதும் யாராவது ஒருவர் நிற்பார். உன் சம்பளத்தில் பாதி அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் என்று நினைத்துக்கொள். ஹெல்பராக இருந்தவனுக்கு இது உடம்பிலேயே ஏறியிருக்கும். அந்த இடத்தில் அவனே நின்றிருக்கிறான் அல்லவா.

கரிசக்காட்டான்

மேலூர் அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நான் மெஷின் ஓனர், கள்ளிக்குடி பக்கம், இரண்டு ஜேசிபி வைத்திருக்கிறேன். பணக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

நான் ஹெல்பருக்கு நாளுக்கு 500 ரூபாயும் சாப்பாடும் கொடுக்கிறேன். பழகிய ஆபரேட்டருக்கு மாதம் 22 ஆயிரம், ஓடுகிற மணிக்குத் தகுந்த பேட்டா தனி. நல்ல சீசனில் பேட்டாவே சம்பளத்தில் பாதியைத் தொடும். ஐப்பசி, கார்த்திகையில் கரிசலில் மெஷின் இறங்காது, அப்போது பேட்டாவும் இருக்காது. தம்பி வருடத்தைப் பன்னிரண்டு மாதமாக நினைக்காமல் ஒன்பது மாதமாகக் கணக்குப் போட வேண்டும்.

எல்லாப் பையன்களும் இரண்டு வருடம் ஓட்டியதும் சொந்த மெஷின் என்று கிளம்புகிறார்கள். புது ஜேசிபி முப்பது லட்சத்தைத் தாண்டும். நான்கு வருடத் தவணை என்றால் மாதம் முக்கால் லட்சம் கட்ட வேண்டியிருக்கும். மணிக்குச் சுமார் ஐந்து லிட்டர் டீசல் குடிக்கும். வாடகை 1,200 என்று வைத்தாலும் டீசல், சம்பளம், பேட்டா, டயர், ஹோஸ் (ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்) எல்லாம் போக மணிக்கு என்ன நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார். அதுவும் கையில் உடனே வராது. வீடு கட்டுகிறவர் கொடுத்துவிடுவார், கான்ட்ராக்டர் பில் பாஸ் ஆகட்டும் என்பார். எனக்கு இன்னும் இரண்டு வருடத்துப் பாக்கி வெளியே நிற்கிறது. எட்டு, பத்து வருடம் ஓட்டி, கூப்பிட்டால் வருகிற வாடிக்கையாளர்கள் உனக்கென்று சேர்ந்த பிறகு மெஷின் வாங்கு.

தம்மாம் ரிட்டர்ன்

சோழவந்தான்காரன் நான். சவுதியில் பதினோரு வருடம் எக்ஸ்கவேட்டர் ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன். வெளிநாட்டு வேலை உறுதி என்று சொல்லும் பயிற்சி நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

அந்த நிலையம் கொடுக்கும் சான்றிதழை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கம்பெனி உன்னை மெஷினில் ஏற்றி, பள்ளம் வெட்டு, டிப்பர் ஏற்று, சரிவு பிடி என்று கண் முன்னால் செய்யச் சொல்லும். அதில் தேறினால்தான் தனி ஆய்வு நிறுவனத்தின் சான்று, உள்ளூர் உரிமம் எல்லாம். நான் போனபோது எங்கள் குழுவில் நான்கு பேர் முதல் நாளே தோற்றுத் திரும்பினார்கள். அவர்களில் இரண்டு பேர் இங்கே ஜேசிபியில் நன்றாக ஓட்டியவர்கள்தான். அவர்கள் பழகிய வண்டியில் இடது கை பூமைத் தூக்கும். எக்ஸ்கவேட்டரில் ஐஎஸ்ஓ முறை என்று ஒன்று உண்டு. அதில் இடது கை ஸ்விங்கும் (மெஷினைச் சுற்றுவது) ஆர்மும் (பூமின் முனையில் இருக்கும் சிறிய கை), வலது கை பூமும் பக்கெட்டும். மூளைக்குத் தெரிந்தாலும் கை பழைய இடத்துக்கே போகும். ஆகவே போவதாக இருந்தால் இங்கேயே ஹிட்டாச்சி மாதிரி செயின் மெஷினில் குறைந்தது மூன்று, நான்கு வருடம் ஓட்டிவிட்டுப் போ.

அரசு அனுமதி பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30 ஆயிரமும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அதற்கு மேல் கேட்பவனிடம் நிற்காதே. ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீயே போட்டுப் பார்க்கலாம். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது, அங்கேயும் பதிவு செய்துவை. நீ பன்னிரண்டாவது தேறியவன், அதனால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதிச் சிக்கல் வராது. விசிட் விசாவில் வா, வேலை விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று எவன் சொன்னாலும் வெளியே வந்துவிடு.

அந்த நாட்டில் எனக்குப் பிடித்த ஒன்று: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 மணி வரை நேர் வெயிலில் வேலை செய்யத் தடை. சித்திரை வெயிலில் இங்கே ஏசி இல்லாத கேபினில் உட்காரும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

வாடிப்பட்டி அக்கா

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் மெஷினுக்குள் இருந்து பேசுகிறீர்கள். நான் வீட்டுக்குள் இருந்து சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பதினெட்டு வருடமாக ஆபரேட்டர்.

தம்பியின் அப்பா சொன்னது பொய் இல்லை. இரவில் போன் வரும், இப்போதே கிளம்பு என்பார்கள். இரண்டு பிள்ளைகளின் பிறந்தநாளிலும் அவர் இருந்த வருடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முதுகுவலி முப்பத்தைந்து வயதிலேயே வந்துவிட்டது. பிரேக்கர் வேலைக்குப் போய்ப் போய் இடது காது மந்தமாகிவிட்டது. டிவி சத்தத்தை வைத்தே அது எனக்குத் தெரியும். ஒதுங்க இடம் இல்லை என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து, இரண்டு தடவை சிறுநீரகக் கல்லுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பி, காதுக்கு அடைப்பான் வாங்கு, அம்பது ரூபாய்தான். பெரிய தண்ணீர் கேனைக் கேபினில் வைத்துக்கொள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நட.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள். பதிவுக்குப் பணம் கிடையாது. எங்கள் மூத்தவளுக்கு அதில்தான் கல்வி உதவித்தொகை வந்தது. புதுப்பிக்கும் தேதியை மட்டும் விட்டுவிடாதே, நாங்கள் ஒரு தடவை விட்டுவிட்டு அலைந்தோம்.

ஒன்றும் இல்லாத வீடாக இருந்தோம். இந்த வேலையில்தான் மாடி கட்டினோம். எங்கள் வீட்டு அஸ்திவாரத்தை அவரே வெட்டினார், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு நேரம் அவர் வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

உசிலைப் பையன்

அக்கா, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகாமல் முழுவதும் கேட்டார்.

மேலூர் அண்ணே, ஒரு சந்தேகம். லைசென்ஸ் என்ன எடுக்க வேண்டும்? ஊரில் பலர் ஒன்றும் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள்.

சைட் இன்ஜினியர்

நான் மேம்பால வேலைகளில் இருக்கிறேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஜேசிபி மாதிரி டயர் வண்டி ரோட்டில் ஏறினால் அதற்குப் பதிவு எண், இன்சூரன்ஸ், ஓட்டுபவருக்கு அந்த வகைக்கு ஏற்ற உரிமம் எல்லாம் வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு முறையாக எடு. உரிமம் இல்லாமல் ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும், இழப்பீடு முழுவதும் ஓனர் தலையிலும் உன் தலையிலும் விழும். செயின் மெஷின் டிரெய்லரில் ஏறித்தான் இடம் மாறும். அதை ஏற்றி இறக்குவது தனி வித்தை. புதியவர்கள் கவிழ்ப்பது அங்கேதான்.

திறனுக்குச் சான்று வேண்டும் என்றால் கட்டுமான எந்திரங்களுக்கென்றே ஒரு திறன் கவுன்சில் இருக்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் முறையும் உண்டு. இரண்டு வருடம் ஹெல்பராக இருந்துவிட்டு அதை எடு. பெரிய கம்பெனி சைட்டில் கேட்டில் நுழையவே அந்தத் தாள் வேண்டும். அதனால் பயிற்சியே வேண்டாம் என்று இங்கே சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பணத்தைப் பிடுங்குகிற பயிற்சிதான் வேண்டாம்.

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் நத்தம் சாலை மேம்பாலத்தில் கர்டரை (பாலத்தின் கான்கிரீட் உத்தரம்) தூக்கும்போது அது சரிந்து ஒரு தொழிலாளி இறந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஹைட்ராலிக் தாங்கிப் பிடிக்கும் எதற்கும் கீழே ஆள் நிற்கக் கூடாது, அது ஜாக்கியோ பூமோ. ஒரு ஹோஸ் வெடித்தால் ஒரு நொடிகூட அவகாசம் கிடையாது. பழுது பார்க்கும்போதும் பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மேலூர் ஆபரேட்டர்

இன்ஜினியர் சார் சொன்னது சரி. பயிற்சி பற்றிச் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியது கொஞ்சம் ஒரு பக்கமாகத்தான் இருந்தது.

கரண்ட் கம்பி பற்றி யாரும் எழுதவில்லை. கிராமத்தில் கம்பிகள் தொய்ந்துதான் கிடக்கும். டிப்பர் ஏற்றும்போது கண் பக்கெட்டிலேயே இருக்கும், பூம் மேலே எங்கே போகிறது என்று தெரியாது. மெஷினை நிறுத்தும் முன்பே அண்ணாந்து பார்த்துவிடு. தப்பித் தவறி பட்டுவிட்டால் கேபினை விட்டு இறங்காதே. பூமை விலக்க முடிந்தால் விலக்கு. கம்பியில் மின்சாரத்தை நிறுத்தும் வரை உள்ளேயே உட்கார், பக்கத்தில் வருபவர்களைக் கத்தி விரட்டு. தீப்பிடித்தால் மட்டும் வெளியே வா. அப்போதும் படியில் கால் வைத்து இறங்கக் கூடாது. இரண்டு காலையும் சேர்த்து வைத்துத் தாவு. ஒரே நேரத்தில் உடம்பு மெஷினையும் தரையையும் தொடக் கூடாது. பிறகு காலைத் தூக்கி எட்டு வைக்காமல், பாதங்களை ஒட்டி வைத்துத் தேய்த்துக்கொண்டே தள்ளிப் போ.

அப்புறம், மண் திருட்டு. இரவு பத்து மணிக்குக் கண்மாய்க்கோ ஓடைக்கோ கூப்பிட்டு இரட்டைப் பேட்டா என்றால் போகாதே. அனுமதி உத்தரவைக் காட்டு, மண் கொண்டுபோவதற்கான நடைச்சீட்டைக் காட்டு என்று கேள். 1957-ஆம் வருடத்துக் கனிமச் சட்டத்தில் வண்டியையே பறிமுதல் செய்ய இடம் இருக்கிறது. பிடிபட்டால் மண் வாங்கியவன் வீட்டில் தூங்குவான், ஓனர் வக்கீலோடு வருவார், அன்று ராத்திரி ஸ்டேஷனில் உட்காருவது ஆபரேட்டர். எனக்கு அது நடந்திருக்கிறது. இருபத்தாறு வயதில், கேட்கத் தெரியாமல் போனேன். கேஸ் முடிய நான்கு வருடம் ஆனது. என் தங்கச்சி கல்யாணத்தன்று காலையில் கோர்ட்டில் நின்றேன்.

கரிசக்காட்டான்

அண்ணே, ஓனர் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். காகிதம் இல்லாமல் என் மெஷின் ஷெட்டை விட்டு நகராது.

மேலூர் ஆபரேட்டர்

உங்களைச் சொல்லவில்லை அண்ணாச்சி. நீங்கள் அப்படி இருப்பதால்தான் கேட்கிறேன், இந்தத் தம்பியை நீங்களே ஹெல்பராக எடுத்துக்கொண்டால் என்ன?

கரிசக்காட்டான்

கள்ளிக்குடியில் இருந்து உசிலம்பட்டி தூரம். தங்கிக்கொள்வான் என்றால் எடுக்கிறேன். ஷெட்டில் ஒரு ரூம் இருக்கிறது. ஆறு மாதம் லீவர் கிடையாது, அதற்கு ஒத்துக்கொண்டால் தனிச்செய்தியில் நம்பர் அனுப்பு தம்பி.

உசிலைப் பையன் (ஏழு மாதம் கழித்து)

வணக்கம். இந்த இழையை அப்படியே விட்டுவிட்டுப் போனதற்கு மன்னிக்க வேண்டும். போனில் தட்ட நேரமே கிடைக்கவில்லை.

கரிசக்காட்டான் அண்ணாச்சியிடம்தான் இருக்கிறேன். முதல் வாரம் கிரீஸ் நிப்பிள்களை (கிரீஸ் உள்ளே போகும் வாய்கள்) எண்ணினேன், முப்பதைத் தாண்டியது. ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும் என்று ஆபரேட்டர் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். ஸ்விங் பக்கம் அடியில் ஒன்று மறைந்திருக்கிறது. அதை நான் மூன்று நாள் விட்டுவிட்டேன். நான்காம் நாள் மெஷின் முனகிய சத்தத்தை வைத்தே அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. இறங்கி வந்து என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்துக் காட்டினார்.

போன வாரம் ஒரு கிணற்று மேட்டு மண்ணை நிரவும் வேலை. சாயங்காலம் கடைசி அரை மணி நேரம், சுற்றிலும் யாரும் இல்லாதபோது, ஏறு என்றார். முன் பக்கெட்டை வைத்து நிரவச் சொன்னார். கடல் அலை மாதிரி மேடும் பள்ளமுமாக வந்தது. நான் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கெட்டைப் பார்க்காதே, இருபதடி முன்னால் தரையைப் பார் என்றார். மூன்றாவது இழுப்பில் கொஞ்சம் சரியானது. சமமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

அப்பா போன ஞாயிறு ஷெட்டுக்கு வந்தார். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் முட்டை ஓட்டை உடைக்காமல் தொட முடியுமாமே என்று கேட்டார். அண்ணன் செய்து காட்டினார்.

மேலூர் அண்ணே, ஒரு கேள்வி. கரிசலில் நேற்று வெட்டிய மூன்றடிப் பள்ளத்தில் இன்று காலை அடியில் ஒரு சாண் ஈரம் ஏறியிருக்கிறது. மழை இல்லை. பக்கத்தில் வாய்க்காலும் இல்லை. இது எங்கிருந்து வரும்?

மேலூர் ஆபரேட்டர்

பக்கத்தில் குடிநீர்க் குழாய் போகிறதா என்று பஞ்சாயத்து பம்ப் ஆபரேட்டரிடம் கேள். தண்ணீர் விடும் நேரத்துக்கு முன்பும் பின்பும் ஈரத்தை அளந்து பார். கூடினால் குழாய் எங்கேயோ கசிகிறது. அது தெரியும் வரை அந்தப் பள்ளத்தில் யாரையும் இறங்க விடாதே. போட்டோ எடுத்துப் போடு.